சின்னப் பாட்டி எந்தக் கணக்கில் வருகிறார்?

என் பாட்டிக்கு ஒரு தங்கை இருந்தார். மலேசியாவில் செபெராங் பிறைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் இறந்துபோனார். எதனால் என்று கேட்டால் பாட்டி ஒரே சொல்லில் முடித்துவிடுவார்: "ஜன்னி."

பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் கிருமி தொற்றி, உடம்பு அனலாய்க் கொதித்து, நினைவு தப்பிப் பிதற்றுவதை நம்மவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். நேரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி கிடைத்திருந்தால் பிழைத்திருக்கலாம். அது ஒருபுறம் இருக்கட்டும். தோட்டத்துக் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா, அந்தச் சாவைப் பதிந்தபோது என்ன எழுதியிருப்பார்? பெரும்பாலும் 'காய்ச்சல்' என்றுதான். அப்படி எழுதியதும் சின்னப் பாட்டி பிரசவக் கணக்கிலிருந்து விழுந்து, மலேரியாக்காரர்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

1994இல் கெய்ரோவில் நடந்த மக்கள்தொகை மாநாட்டில் 179 நாடுகள் ஒரு செயல்திட்டத்தை ஏற்றுக்கொண்டன. அதுவரை மக்கள்தொகை என்றாலே தலைகளை எப்படிக் குறைப்பது என்பதுதான் பேச்சு. பெண்ணின் உடல்நலமும் படிப்பும் உரிமையும் நடுக்கூடத்துக்கு வந்தது அங்கேதான். சரி, முன்னேற்றம் நடக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்கு எடுத்துக்கொண்ட முக்கியமான அளவுகோல்களில் ஒன்று தாய் இறப்பு விகிதம்: உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு 1 லட்சம் குழந்தைகளுக்கும் எத்தனை தாய்மார்கள் இறக்கிறார்கள் என்பது. ஐநா அமைப்புகளின் மதிப்பீட்டின்படி உலக அளவில் இது 2000இல் 328, 2023இல் 197. 2030க்குள் 70க்குக் கீழே இறங்க வேண்டும் என்பது இலக்கு.

இந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கறாரான வரையறை இருக்கிறது. கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்து 42 நாள்களுக்குள்ளோ இறந்திருக்க வேண்டும். காரணமும் கர்ப்பத்தோடு தொடர்புள்ளதாக இருக்க வேண்டும். கர்ப்பிணி சாலையில் மோட்டார் மோதி இறந்தால் கணக்கில் வராது. ஏற்கெனவே இதயநோய் உள்ளவருக்குக் கர்ப்பத்தால் நோய் முற்றி உயிர் போனால் கணக்கில் வரும். சிக்கலே இங்கேதான். ஒருவர் இறந்தது எல்லாருக்கும் தெரியும். ஐந்து வாரத்துக்கு முன்னால் அவருக்குப் பிள்ளை பிறந்தது தெரிய வேண்டுமே? பிரசவம் ஓர் ஆஸ்பத்திரியில், மூச்சுத்திணறி இறந்தது இன்னோர் ஆஸ்பத்திரியில் என்றால், இறப்புப் பத்திரத்தில் 'நுரையீரலில் இரத்தக்கட்டி' என்று மட்டும் எழுதிக் கதையை முடித்துவிடலாம்.

மலேசியாவில் இந்த ஓட்டையை அடைக்க 1991இல் ஒரு முறை வந்தது. ஒவ்வொரு தாய் இறப்பையும் ரகசியமாக ஆராய்வார்கள். யார் மீது பழி போடலாம் என்று தேடும் விசாரணை இல்லை இது. எங்கே தாமதமானது, எந்த அறிகுறியைக் கவனிக்கவில்லை என்று பார்ப்பதுதான் வேலை. அந்த முறை வந்ததும் நாட்டின் தாய் இறப்பு விகிதம் சட்டென்று உயர்ந்துவிட்டது! அந்த ஆண்டில் தாய்மார்கள் திடீரென்று கூடுதலாக இறக்கவில்லை. முன்பு 'காய்ச்சல்', 'இதயம்' என்று ஒதுங்கிக் கிடந்தவர்கள் உரிய வரிசைக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

2021லும் எண் ஏறியது. முந்தைய ஆண்டு 24.9 ஆக இருந்தது 68.2 ஆனது. அது நிஜமான ஏற்றம்; கோவிட் வாங்கிய உயிர்கள். வரைபடத்தில் இரண்டு ஏற்றமும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வளர்ச்சி அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்: நிலைமை மாறியதா, எண்ணும் விதம் மாறியதா?

இன்னொன்று. ஒரு சிறிய மாநிலத்தில் ஆண்டுக்கு 15,000 பிள்ளைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். அங்கே ஒரே ஒரு தாய் கூடுதலாக இறந்தால் விகிதம் ஏறக்குறைய 7 புள்ளி எகிறும். ஒரு வருட எண்ணை வைத்துக்கொண்டு ஒரு மாநிலத்தைத் திட்டுவதோ பாராட்டுவதோ வீண் வேலை.

தாயின் கதை தொலைந்து போகாமல் காப்பது பெரிய கணினி எதுவும் இல்லை. அரசாங்க கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் புத்தகம்தான். என் தங்கை கர்ப்பமாக இருந்தபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு முறை போகும்போதும் இரத்த அழுத்தம், எடை, சிறுநீரில் சர்க்கரை எல்லாம் மிஸியின் (இங்கே தாதியை அப்படித்தான் அழைப்போம்) கையெழுத்தில் வரிசையாக இருந்தன. ஒரு வண்ண அடையாளமும் உண்டு: வெள்ளை என்றால் மிஸியே பார்த்துக்கொள்வார், பச்சை என்றால் கிளினிக் டாக்டர், மஞ்சள் என்றால் சிறப்பு மருத்துவர், சிவப்பு என்றால் உடனே ஆஸ்பத்திரி. தங்கைக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியதும் வெள்ளை பச்சையானது; வீட்டில் மைசூர்பாகு தடை செய்யப்பட்டது. இந்தப் பதிவு இருப்பதால்தான், எங்கே எது நடந்தாலும் 'இவர் கர்ப்பிணி' என்பது முன்கூட்டியே யாருக்கோ தெரிந்திருக்கிறது. 1950 வாக்கில் 500ஐத் தாண்டியிருந்த விகிதம் இந்த அளவுக்கு இறங்கியதில் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளுக்கும் மிஸிகளுக்கும் பெரிய பங்கு உண்டு.

அப்புறம், பிறப்பு இறப்பைச் சரியாகப் பதியாத நாடுகள்? அங்கே சாவைத் தேடிப் போக முடியாது. உயிரோடு இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். 1980களின் இறுதியில் உருவாகி, காம்பியா நாட்டில் சோதித்துப் பார்க்கப்பட்ட ஒரு வழி இருக்கிறது. உடன்பிறந்த சகோதரிகளைப் பற்றி நான்கே கேள்விகள். போன வாரம் பட்டர்வொர்த் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே பாட்டியிடம் அவற்றைக் கேட்டுப் பார்த்தேன்.

ஒரே தாய் வயிற்றில் பிறந்து 15 வயதைத் தாண்டிய சகோதரிகள் எத்தனை பேர்? "மூணு. இல்ல, ஒருத்தி சின்னதுலயே போயிட்டா. ரெண்டுன்னு வச்சுக்க." இப்போது உயிரோடு இருப்பவர்? "ஒருத்தி, சுங்கை பட்டாணியில." இறந்தவர்? "ஒருத்தி." இறந்தவர் கர்ப்பமாக இருக்கும்போதோ, பிரசவத்திலோ, அதன்பின் ஆறு வாரத்திலோ போனாரா? பாட்டி என்னை முறைத்தார். "அதான் சொன்னேனே, ஒம்பதாம் நாளு."

கிராணியின் ஏட்டில் காணாமல் போனவர் நான்காவது கேள்வியில் திரும்பி வந்துவிட்டார். காரணம் என்ன என்று இந்த முறை கேட்பதே இல்லை, எப்போது என்று மட்டும்தான் கேட்கிறது. அதுதான் இதன் கெட்டிக்காரத்தனம். ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படிக் கேட்டுக் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு முந்தைய நிலைமையைக் காட்டும் எண். பழைய வெளிச்சத்தில் நட்சத்திரம் பார்ப்பது போல. அதுவும் இல்லாத நாடுகளுக்கு ஒரு கணித மாதிரி உதவுகிறது: தலைக்கு வருமானம் எவ்வளவு, பிறப்பு விகிதம் எவ்வளவு, பயிற்சி பெற்றவர் கையில் எத்தனை பிரசவங்கள் நடக்கின்றன என்பதை வைத்து ஊகிப்பார்கள். நாட்டின் வருமானம் கூடினால் மாதிரியில் தாய் இறப்பும் தானாகக் குறையும். இதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் ஒப்பவில்லை.

பெண்களின் நிலையை அளப்பது இதைவிட வழுக்கும். என் அத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன வேலை என்றால் "சும்மாதான் இருக்கேன்" என்பார். விடிகாலை நாலு மணிக்கு எழுந்து தோசை மாவு அரைத்து, அடுக்குமாடி முழுக்கப் பாக்கெட் மூன்று வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்கிறார். தொழிலாளர் கணக்கெடுப்பின் விதிப்படி, குறிப்பிட்ட வாரத்தில் ஒரு மணி நேரமாவது வருமானத்துக்காகவோ குடும்ப இலாபத்துக்காகவோ உழைத்தவர் வேலையில் இருப்பவர்தான். ஆனால் கேட்பவர் "வேலைக்குப் போகிறீர்களா?" என்று கேட்டுவிட்டால் அத்தை இல்லத்தரசி, "போன வாரம் ஏதாவது விற்றீர்களா?" என்று கேட்டால் தொழில்முனைவோர்.

உலகப் பொருளாதார மன்றத்தின் பாலின இடைவெளிக் குறியீட்டிலும் ஒரு வேடிக்கை உண்டு. பெண்கள் ஆண்களை எட்டிவிட்டால் முழு மதிப்பெண். அதற்கு மேல் தாண்டினாலும் கூடுதல் கிடையாது. மலேசியாவில் பல்கலைக்கழகங்களில் பெண்கள்தான் அதிகம். அது அந்தக் கூரையில் முட்டி நின்றுவிடுகிறது. 2022 பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்தின் 222 இடங்களில் 30 இடங்களில்தான் பெண்கள் வென்றார்கள். அந்தப் பள்ளம் மட்டும் அப்படியே தெரிகிறது.

கருவள விகிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மலேசியாவில் 1970இல் ஒரு பெண்ணுக்கு 4.9 பிள்ளைகள், இப்போது 2க்கும் கீழே. இது எந்த நிஜப் பெண்ணின் கதையும் இல்லை. இந்த ஆண்டில் 15 வயது முதல் 49 வரை ஒவ்வொரு வயதுப் பெண்களும் பிள்ளை பெறும் வீதத்தையெல்லாம் கூட்டி, ஒரே பெண் அத்தனை வயதையும் இதே வீதத்தில் கடந்தால் எத்தனை பெறுவார் என்று கற்பனை செய்வது. பெண்கள் பிரசவத்தைத் தள்ளிப்போட்டாலே எண் இறங்கிவிடும், கடைசியில் பெறும் பிள்ளைகள் குறையாவிட்டாலும். பினாங்குச் சீனக் குடும்பங்கள் தங்கள் நாட்காட்டியில் ராசியான டிராகன் ஆண்டுக்காகக் காத்திருந்து பெற்றால் அந்த வருடம் மட்டும் ஏறும்.

கணக்கெடுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று ஒரே கேள்வியாகக் கேட்டால் இறந்தவர்களும் வெளியூரில் இருப்பவர்களும் விடுபடுவார்கள். அதனால் மூன்றாக உடைத்துக் கேட்பார்கள்: கூட இருப்பவர், வேறிடத்தில் இருப்பவர், இறந்தவர். மூன்றுக்கும் முன்னால் 'நீங்கள் பெற்ற' என்பது கட்டாயம்.

பாட்டியிடம் இதையும் கேட்டேன். விரல் மடக்கினார். கூட ரெண்டு, வெளியே ஆறு, இறந்தது ஒன்று. "ஒம்பது."

மாவுக் கரண்டியை வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்ற அத்தை சிரித்தார். ஒன்பது நாளில் தாயை இழந்த பிள்ளை அவர்தான். "கணக்குக்கு எட்டும்மா. நான் சித்தி பெத்தது."

பாட்டி என் பக்கம் திரும்பினார். "ஒம்பதுன்னே எழுது."