றோ: தமிழில் பச்சைக்கோப்பு

கமராவில் காணும் 'றோ' (RAW), அதாவது சென்சர் பதிந்ததைப் படமாக்காமல் அப்படியே வைத்திருக்கும் கோப்பு, சுருக்கெழுத்து அல்ல. கமராவே பதப்படுத்தித் தரும் வழமையான படக்கோப்பான 'ஜேபெக்' (JPEG), தன்னை வகுத்த நிபுணர் குழுவின் பெயர்ச்சுருக்கம். மெனுவில் அதன் பக்கத்தில் றோவையும் பெரிய எழுத்தில் போடுவதால், றோவுக்கும் ஒரு விரிவு இருக்கும் என்று பலர் தேடுகிறார்கள். றோவோ சமைக்காதது என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல். பச்சை இறைச்சியைக் குறித்த சமஸ்கிருத 'க்ரவிஸ்' இதற்கு உறவு.

தமிழில் 'மூலக்கோப்பு' என்று எழுதுவதுண்டு. ஆனால் கமரா தந்த ஜேபெக்கும் மூலமாக இருக்கலாமே! 'கச்சா' ஹிந்தி வழி வந்தது; தமிழ்நாட்டின் கச்சா எண்ணெய் இலங்கையில் நமக்கு மசகு எண்ணெய். 'றோ' என்று மட்டும் எழுதினாலோ இங்கே பத்திரிகை வாசிப்பவருக்கு இந்திய உளவு அமைப்புத்தான் நினைவுக்கு வரும். பச்சையரிசி, பச்சைத்தண்ணீர் என்று சொல்லும் வாயில் 'பச்சைக்கோப்பு' இயல்பாகவே வருகிறது. பச்சை மாவை வறுக்கலாம், அவிக்கலாம். அவித்த மா மறுபடி பச்சை மா ஆகாது. ஜேபெக் அவித்த மா. 'பச்சைப்படம்' வேண்டாம்: வேறு அர்த்தம் தொனிக்கும், அதோடு அது இன்னும் படமாகவும் இல்லை.

நிறத்தோடு குழம்பாதா என்றால், நிறமும் பொருந்துகிறது. கொடாக்கின் பிரைஸ் பேயருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த, சென்சரின் மேல் வரும் நிற வடிகட்டி அமைப்பில் பாதிப் புள்ளிகள் பச்சை, கால்வாசி சிவப்பு, கால்வாசி நீலம். சென்சரும் பச்சைக்கே கூடுதலாக உணர்கிறது. வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சரிக்கட்டும் வெண்சமநிலை போடாமல் திறந்தால் கோப்பு பச்சை பூத்தே தெரியும்.

புதிய மிரர்லெஸ் கமராவில் படத்தரம் பெரும்பாலும் ஜேபெக்கில்தான் இருக்கும். அதை றோவுக்கு மாற்றி, 14 பிட், இழப்பில்லாச் சுருக்கம் இரண்டையும் தெரிவுசெய்யுங்கள். ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்; 14 பிட்டில் 16,384. சுருக்காவிட்டால் 24 மெகாபிக்சல் கோப்பு ஒன்று சுமார் 42 எம்பி பிடிக்கும். சில மொடல்களில் இலத்திரனியல் ஷட்டர் 12 பிட்டுக்கு இறக்கிவிடும், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்சமநிலையும், நிறத்தையும் கொன்ட்ராஸ்டையும் தீர்மானிக்கும் பட நடையும் பச்சைக்கோப்பில் வெறும் குறிப்புகள், பிறகு மாற்றலாம். ஷட்டர் வேகம், துவாரம், குவியம் மூன்றும் எடுத்த கணமே முடிந்த காரியம். நிழலைத் தானாகத் தூக்கும் வசதிகளை நிறுத்திவிடுங்கள். சில கமராக்களில் அவை சொல்லாமலே வெளிச்சத்தைக் குறைத்து எடுக்கும், பச்சைக்கோப்பும் இருண்டுபோகும்.

அதிகம் பேர் ஏமாறுவது, இருளிலிருந்து வெளிச்சம் வரை இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபான ஹிஸ்டோகிராமில். கமராத் திரை காட்டுவது பச்சைக்கோப்பை அல்ல, அதிலிருந்து அவித்த ஜேபெக்கை. கொழும்பு புறக்கோட்டைச் சிவப்புப் பள்ளிவாசலை நண்பகல் வெயிலில் எடுத்தால் சிவப்பு வரைபு வலது சுவரில் முட்டி நிற்கும். பகல் வெளிச்சத்தில் வெண்சமநிலை சிவப்பைப் பல கமராக்களில் ஏறத்தாழ இரண்டால் பெருக்குகிறது. அழுத்தமான பட நடை இன்னும் ஏற்றுகிறது. பச்சைக்கோப்பில் அந்தச் செங்கல் விபரம் பத்திரமாகவே இருக்கக்கூடும். பயந்து இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் குறைத்தால் வெளிச்சம் பாதி) குறைத்தால் வாசல் நிழல் முழுதும் இரைச்சல். பட நடையை நியூட்ரலுக்கு மாற்றி, கொன்ட்ராஸ்டைக் குறைத்து, மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் போட்டுக்கொள்ளுங்கள். பள்ளிவாசலின் வெள்ளைப் பட்டைகள் அளவு மீறிய வெளிச்சத்துக்கான எச்சரிக்கையாகத் திரையில் மினுங்கினால்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். அதே காட்சியை மூன்றில் ஒரு ஸ்டொப்பாகக் கூட்டி ஐந்தாறு எடுத்துக் கணினியில் பாருங்கள்; திரை எச்சரித்த பிறகும் உங்கள் கமராவின் பச்சைக்கோப்பில் வெளிச்சத்துக்கு மிச்ச இடம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

கணினியில் கோப்பே திறக்காவிட்டால் கமரா பழுதென்று கடைக்கு ஓட வேண்டாம். கெனனின் சிஆர்3, நிக்கனின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ என்று பின்னொட்டு பழையதாக இருந்தாலும் ஒவ்வொரு மொடலுக்கும் உள்ளமைப்பு மாறும். பழைய மென்பொருளுக்கு அது புரியாது. அடோபியின் இலவச மாற்றியால் டிஎன்ஜி என்ற பொதுவான றோ வடிவமாக ஆக்கினால் பெரும்பாலும் திறக்கும். அது சரிவரும் வரைக்கும் றோவையும் ஜேபெக்கையும் சேர்த்தே எடுங்கள்.