கேமரா வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்துத் தோட்டத்து வீட்டில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேர் கொல்லப்பட்டார்கள். அடுத்த மே மாதத் தொடக்கத்தில், ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே தோட்டத்தில் தனியாக இருந்த வயதான தம்பதியின் கொலை வெளியே தெரிந்தது. அதன் பிறகு ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் தோட்டத்துச் சாளை, அதாவது தோட்டத்து வீடு, வைத்திருக்கும் குடும்பங்களில் ஒரே பேச்சுதான்: கேமரா மாட்டியாயிற்றா? பிள்ளைகள் கோவையிலோ பெங்களூரிலோ இருக்கிறார்கள். தென்னந்தோப்புக்குள் அப்பனும் ஆத்தாளும் மட்டும். காவல்துறையும் மாட்டச் சொன்னது. மாடு கட்டும் கட்டுத்தரைக்கு ஒன்று, களத்துக்கு ஒன்று, வாசலுக்கு ஒன்று என்று வாங்கிக் குவித்தோம்.

இப்படி வாங்கும் கேமராவுக்கு மத்திய அரசின் விதி ஒன்று இருக்கிறது. நான் விசாரித்த கடைகளில் விலையும் மெகாபிக்சலும் சொன்னார்களே தவிர, அந்த விதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரல் 9 அன்று அதை அறிவித்தது. நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறை தள்ளிப்போய், 2025 ஏப்ரல் 9 என்று ஆனது. கண்காணிப்புக் கேமராக்களுக்கு அதற்கு முன்பும் கட்டாயப் பதிவு உண்டு. ஆனால் அப்போது பார்த்ததெல்லாம் மின்கசிவு, தீப்பிடித்தல் போன்ற ஆபத்துகளைத்தான். கேமரா ஷாக் அடிக்காது என்பதற்குச் சான்று இருந்தது. படம் வேறு யாருக்கும் போகாது என்பதற்கு இல்லை. புதிய விதி இந்த இரண்டாவதைக் கேட்கிறது. உள்ளே நுழைய வலுவான அடையாளச் சோதனை வேண்டும். இணையத்தில் போகும் காட்சிகள், இடையில் யாரும் பார்க்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். தேவையில்லாத இணைப்பு வழிகள் மூடியிருக்க வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்க பாதுகாப்பான வழி வேண்டும். ஒவ்வொரு மாதிரியும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதனையைத் தாண்டிய பிறகே சந்தைக்கு வர வேண்டும்.

அரசுக்கு இந்தக் கவலை சும்மா வரவில்லை. அரசு நிறுவனங்களில் உள்ள கேமராக்களில் 10 லட்சம் சீன நிறுவனங்களுடையவை என்றும், காட்சிகள் வெளிநாட்டு சர்வர்களுக்குப் போகும் பலவீனம் இருக்கிறது என்றும் 2021இல் மக்களவையிலேயே சொல்லப்பட்டது. ஆனால் நம் வீட்டுக் கதைக்கு நெருக்கமானது வேறொன்று. 2025 பிப்ரவரியில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு டெலிகிராமில் விலைக்குப் போனது அம்பலமானது. பெண்களைப் பரிசோதிக்கும் அறையின் காட்சிகள் அவை. அங்கே இருந்த கடவுச்சொல் 'அட்மின்123' என்று செய்திகள் கூறின. பூட்டை வாங்கி மாட்டிவிட்டு, சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை.

சரி, கடையில் என்ன பார்ப்பது? பெட்டியின் பின்புறத்தில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் முத்திரையும் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியைக் கைப்பேசியில் இறக்கி அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனத்தின் பதிவு, இப்போதும் செல்லுபடியாகிறதா என்பது தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. எண்ணே இல்லாத பெட்டியானால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். சிம் போட்டு, சூரியத் தகட்டில் ஓடும் கேமராக்கள் தோட்டங்களுக்கு வசதிதான். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு அதிகம் புழங்குவதும் அந்த வகையில்தான். ஜிஎஸ்டி ரசீதும் அதில் மாதிரி எண்ணும் கட்டாயம் வேண்டும். ரசீது இல்லாமல் நூறு இருநூறு குறைத்துக்கொண்டால், நாளைக்குப் புகார் கொடுக்கக் கையில் காகிதம் இருக்காது.

ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஸ்மார்ட் வாட்ச், பவர் பேங்க் போன்றவற்றிலும் இதே போன்ற எண் இருக்கும். அங்கே அது மின் பாதுகாப்புக்கு மட்டும்தான். கையில் கட்டிய கடிகாரம் உங்கள் இதயத் துடிப்பை எங்கே அனுப்புகிறது என்று அந்த முத்திரை சொல்லாது. மேலே சொன்ன பாதுகாப்புச் சோதனை கேமராவுக்கானது.

இந்த விதி தயாரிப்பவரையும் இறக்குமதி செய்பவரையும் விற்பவரையும் கட்டுப்படுத்துகிறது. ஏற்கெனவே மாட்டிய கேமராவைக் கழற்றச் சொல்லவில்லை. மாட்டிக் கொடுக்கும் ஆளைப் பற்றியும் பேசவில்லை, அங்கேதான் நானே ஏமாந்தேன். எங்கள் தோட்டத்தில் கேமரா மாட்ட வந்த தம்பி நல்ல வேலைக்காரன். ஏணியில் ஏறி இறங்கி, மத்தியானத்துக்குள் முடித்து, என் கைப்பேசியில் படமும் வரவைத்துவிட்டுப் போனான். பல மாதம் கழித்து மகள் செயலியைத் திறந்து பார்த்து, “அப்பா, இதில் உரிமையாளர் நீங்கள் இல்லை” என்றாள். முதன்மைக் கணக்கு அவனுடைய எண்ணில் இருந்தது. எனக்கு வந்தது பகிரப்பட்ட படம் மட்டும். அதாவது எங்கள் ஆசாரத்தில் (வீட்டுக் கூடத்தில்) யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை அவன் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். அவன் பார்த்திருக்க மாட்டான் என்றுதான் நினைக்கிறேன். மாட்டிய வீடுகளை எல்லாம் ஒரே கணக்கில் வைத்தால் பழுது பார்க்கச் சுலபம் என்றான். அவன் கைப்பேசி தொலைந்துபோனால் அத்தனை வீட்டு வாசலும் திறந்து கிடக்கும் என்பது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஆகவே, மாட்டும் அன்றே உங்கள் எண்ணில் கணக்குத் தொடங்கச் சொல்லுங்கள். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போன பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டைப் படம் பிடித்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். சில கேமராக்களில் அதுவும் பழைய கடவுச்சொல்லும் இருந்தாலே உள்ளே போய்விடலாம்.

கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் சட்டம் உண்டு. மோட்டார் ரூம் தொட்டியில் தோட்டத்து வேலைக்கு வரும் பெண்கள் குளிப்பது நம் பக்கத்தில் வழக்கம். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பி அவர்களைப் பார்ப்பதோ பதிவு செய்வதோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆவது பிரிவில் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாமல் மூன்றாண்டு வரை சிறை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஈ (66E) பிரிவும் சேரும். அது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவர் தன் சொந்த வீட்டு உபயோகத்துக்குக் கையாளும் தகவலைத் தொடாது. பனியன் கம்பெனி, மில் போன்ற இடங்கள் அதற்குள் வரும். அதன் விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம்.

பதிவு எண் பொய்யாக இருந்தால் அதே பிஐஎஸ் கேர் செயலியில் புகார் செய்யலாம். கோவையில் பிஐஎஸ் கிளை அலுவலகமும் இருக்கிறது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இரண்டு ஆண்டுக்குள். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை, கேமரா வழக்கு எதுவும் அதைத் தாண்டப் போவதில்லை. காட்சிகள் வெளியே கசிந்தது தெரிந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930 அல்லது மாவட்ட சைபர் குற்றப் பிரிவு. அவர்கள் பார்க்கும் வரை கேமராச் செயலியை அழித்துவிடாதீர்கள். யார் எப்போது உள்ளே வந்தார் என்ற தடயம் அதில் இருக்கக்கூடும்.

காட்சிகளைப் பதிவு செய்யும் பழைய டிவிஆர் பெட்டியை இரும்புக் கடைக்குப் போடுவதானால், முதலில் உள்ளே பதிவுகள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.