பின்கதவுச் சாவி யாரிடம்?

கல்யாண வேலையை ஒப்படைக்க வரும் குடும்பங்கள் பெரும்பாலும் செல்போனைத் திறந்து வைத்துக்கொண்டேதான் உட்காருவார்கள். மேடை இந்தப் படத்தில் இருப்பது போல, வாசலில் பூ வளைவு, பொண்ணு மாப்பிள்ளை நடந்து வரும்போது புகை. எல்லாவற்றையும் எழுதிக்கொள்வேன். அதன்பிறகு நான் கேட்கிற கேள்விகள் அவர்களுக்குச் சப்பென்று இருக்கும். சாப்பாட்டுக் கூடம் மாடியிலா, கீழேயா? ஏறவும் இறங்கவும் ஒரே படிக்கட்டுதானா? பின்கதவுச் சாவி யாரிடம் இருக்கும்?

திருச்சிப் பக்கம் இந்தத் தொழில் செய்கிறவன் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடியோ விளக்குக்குப் போன வயரில் கிளம்பிய பொறி கீற்றுப் பந்தலைப் பற்றிக்கொண்டது. இப்போது கீற்று வேய்வது குறைந்துவிட்டது, உண்மைதான். ஆனால் மேடைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள்: தெர்மாகோல், செயற்கைத் துணி, பிளாஸ்டிக் பூ, நடுவே சூடேறிய ஃபோகஸ் விளக்குகள். 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில் 400 பேருக்கு மேல் பலிவாங்கிய பள்ளி விழாத் தீவிபத்தில் எரிந்ததும் செயற்கைத் துணிப் பந்தல்தான். இன்று எல்லோரும் கேட்கிற, மேடையோரம் பொறியாய்ச் சீறும் கோல்டு பைரோவும் (cold pyro) பெயரில் மட்டும்தான் குளிர்ச்சி. துணித் திரைக்குப் பக்கத்தில் அதை வைக்க நான் விடுவதில்லை. இதில் இரண்டு மூன்று ஆர்டர்கள் போயிருக்கின்றன, போகட்டும்.

தீ எப்போதோ ஒருமுறை. நெரிசல் ஒவ்வொரு ரிசப்ஷனிலும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. அது தொடங்கும் இடம் யாரும் நினைக்காத இடம்: மேக்கப் அறை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 800 பேர் வருகிறார்கள். மேடைக்கு நாலு நாலு பேராக ஏறினால் 200 குழு. மொய்க்கவர் கொடுத்து, கைகுலுக்கி, போட்டோ எடுத்து இறங்க ஒரு குழுவுக்கு 45 விநாடி. மொத்தம் இரண்டரை மணி நேரம். ஏழு மணிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில் நின்றால் ஒன்பதரைக்குச் சரியாக முடியும். ஆனால் பத்திரிகையில் ஆறரை என்று போட்டுவிட்டு ஏழே முக்காலுக்கு மேடை ஏறுவதுதான் இப்போது நடைமுறை. தவறிப்போன அந்த 45 நிமிடம் என்பது 60 குழு, அதாவது 240 பேர். அவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களா? "முதல்ல சாப்ட்டுட்டு வந்துரலாம்" என்று மாடிக்குக் கிளம்புவார்கள். அங்கே 200 நாற்காலி. இலை போட்டு, பரிமாறி, எடுத்துத் துடைக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம். உட்கார்ந்திருப்பவர் ரசத்துக்கு வரும்போதே அவர் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நின்று இடம்பிடிப்பது நம் ஊர் வழக்கம். மீதிப் பேர் படிக்கட்டில். சாப்பிட்டு முடித்தவர்கள் கைகழுவிவிட்டு இறங்குவதும் அதே படிக்கட்டில், கைக்குழந்தையோடு, முட்டிவலிக்காரப் பாட்டியோடு.

ஆக, மேக்கப்பில் முக்கால் மணி தாமதமானால் அதற்கான விலையைப் படிக்கட்டு கொடுக்கிறது. அதனால் மேக்கப் செய்கிறவரிடம் நான் சொல்லும் நேரம் எப்போதும் உண்மையான நேரத்துக்கு ஒரு மணி முன்னதாக இருக்கும். (இதைப் படிக்கும் மேக்கப் தோழிகள் மன்னிக்கவும்.) பந்தி விசாரிக்க உறவில் பெரியவர்களை நிறுத்துவது போலவே, படிக்கு மேலே ஒருவர், கீழே ஒருவர் என்று என் ஆட்களை நிறுத்துகிறேன். மேலே பந்தி எழுந்த பிறகுதான் கீழே கயிறு விலகும். காத்திருப்பவர்கள் கீழே மேடைக் கூடத்திலேயே உட்கார நாற்காலியும் குடிக்க ஜூஸும் இருந்தால் யாரும் கோபப்படுவதில்லை. நிற்க வைத்தால்தான் கோபம் வரும்.

இனி சாவி. சில வருடங்களுக்கு முன் ஒரு மண்டபத்தில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர் தயாராகத்தான் இருந்தது. ஆனால் ஓர் ஆள் ஓடிப்போய்ச் சுவிட்சை மாற்ற வேண்டும். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இரண்டு நிமிட இருட்டு. குழந்தைகள் அலற, பெற்றோர் படியை நோக்கி ஓட, பின்பக்கப் படிக்கட்டுக்குப் போன நான் கம்பிக் கதவில் பூட்டைப் பார்த்தேன். சாவி வாட்ச்மேனிடம். வாட்ச்மேன் டீக்கடையில். ஓர் அம்மாவுக்கு மணிக்கட்டு பிசகியதோடு போயிற்று. மண்டபத்துக்காரர் மேல் கோபப்பட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தபோது, காலையிலேயே அந்தக் கதவைப் பார்த்திருக்க வேண்டியவன் நான்தானே என்று தோன்றியது.

பூட்டுவதற்கு அவர்களுக்கும் காரணம் உண்டு. கூட்டத்தோடு கூட்டமாக வந்து நகைப்பெட்டியோடு பின்வழியாகப் போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பூட்டு தேவையில்லை, ஆள் போதும். பூ வளைவில் இரண்டு தூணைக் குறைத்தாலே அந்த ஆளின் கூலி வந்துவிடும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாக. மேடைக்காரர், ஒலிபெருக்கிக்காரர், எல்.இ.டி. திரைக்காரர், பஜ்ஜி ஸ்டால், ஐஸ்கிரீம் பெட்டி என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து கிடைத்த பிளக்கில் சொருகுகிறார்கள். மொத்தம் எத்தனை கிலோவாட் என்று ஒருவருக்கும் தெரியாது. பத்து நாள் முன்பே எல்லோரிடமும் வாங்கி ஒரே தாளில் எழுதி, மண்டபத்து எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். திரைக்கும் மேடை விளக்குக்கும் தனி ஜெனரேட்டர் கேட்டால் கொடுத்துவிடுங்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஒலிபெருக்கியை இரவு பத்து மணிக்கு மேல் வைக்கக் கூடாது என்பது சட்டம். போலீஸ் வந்து நிறுத்தினால் இசைக்குழுவுக்குக் கொடுத்த பணம் திரும்பாது.

இதையெல்லாம் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கொடுத்த பிறகு உங்கள் பேச்சு எடுபடாது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருக்கிறதா என்று கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். வேறு மண்டபம் பாருங்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தையிலும் வைகாசியிலும் நல்ல முகூர்த்தத்தில் வேறு மண்டபம் கிடைக்காது என்பதும் எனக்குத் தெரியும். அப்படி மாட்டிக்கொண்டால், அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கே வீட்டில் விவரமான பிள்ளைகள் இருவரைக் கூப்பிட்டு அந்தப் பின்கதவைத் திறக்கச் சொல்லி, கடைசிப் பந்தி எழும்வரை அங்கேயே நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். அவர்களுக்கு இலையில் எடுத்து வைக்கவும் மறக்காதீர்கள்.