விவாகரத்து ஆயிடுச்சு சரி, பிள்ளை விஷயத்தைத் தீர்ப்புல எழுதி வாங்கினீங்களா?

நம்ம செட்டிநாட்டுப் பக்கம் கல்யாணம் முறிஞ்சா மொதல்ல சாமான் லிஸ்ட்டை எடுத்துக்கிட்டு உக்காருவாங்க. வெள்ளி இத்தனை, எவர்சில்வர் இத்தனை, பித்தளை அண்டா, மெத்தை, தலகாணி வரைக்கும் ஒவ்வொண்ணா டிக் அடிச்சு திருப்பி வாங்குவாங்க. கடைசியில பிள்ளைன்னு வரும்போது ஒரே ஒரு வரி, "குழந்தை தாயாரிடம் இருக்கும், தகப்பனார் பார்த்துக்கொள்ளலாம்". இந்த ஒத்த வரியை வச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா அலையுற பொம்பளைங்களையும் பாத்துட்டேன், பிள்ளை மொகத்தைப் பாக்க கோர்ட் வராந்தாவுல கால்கடுக்க நிக்கிற தகப்பன்களையும் பாத்துட்டேன், அதனாலதான் எழுதுறேன்.

சட்டம் ரொம்ப சுருக்கமா சொல்லிடுறேன். இந்துக்களுக்கு 1956 மைனர் கார்டியன் (பாதுகாவலர்) சட்டம், எல்லா மதத்துக்கும் பொதுவா 1890 கார்டியன் சட்டம், விவாகரத்து கேஸ் நடக்கும்போதே பிள்ளைக்காக மனு போட இந்து திருமணச் சட்டம் பிரிவு 26. எல்லாத்துக்கும் மேல பிள்ளையோட நலன்தான் முக்கியம். ரெண்டு பேரும் பகிர்ந்து வளக்குறதை சட்டமாக்கணும்னு சட்ட ஆணையம் 2015லயே 257வது அறிக்கையில சொல்லிருச்சு, இன்னும் சட்டம் வரல. ஆனா ரெண்டு பேரும் பேசி ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்தா, பிள்ளைக்கு நல்லதுன்னு பட்டா கோர்ட் அதை உத்தரவாவே போட்டுக் குடுக்கும். நீங்க எழுதாட்டி அதுவா வராது.

மொதல் தப்பு முத்திரைத்தாள். ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி, ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி, நோட்டரி சீல் வச்சு "முடிச்சாச்சு"ன்னு அனுப்பிடுறாங்க. அந்தத் தாளை எந்த ஆபீஸ்லயும் கோர்ட் உத்தரவா எடுத்துக்க மாட்டான், நாளைக்கு ஒருத்தர் மாத்திப் பேசினா போலீஸும் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பேசினது நல்ல பேச்சுன்னா அதையே மனுவாக்கி கோர்ட்ல குடுத்து உத்தரவா வாங்கிடுங்க.

அடுத்து வயசுக் கணக்கு. அஞ்சு வயசு வரைக்கும் பிள்ளை சாதாரணமா தாய்கிட்டன்னு சட்டம் சொல்லுது, இதைப் புடிச்சுக்கிட்டு "அஞ்சு முடிஞ்சதும் நாங்க தூக்கிட்டுப் போயிடுவோம்"னு மிரட்டுற குடும்பங்க இருக்கு. ஆம்பளப் பிள்ளை அப்பனுக்கு, பொம்பளப் பிள்ளை ஆத்தாளுக்குன்னு ஒரு கணக்கு வேற. ரெண்டும் சட்டத்துல இல்ல. அஞ்சு முடிஞ்சா தானா கைமாறாது, பிள்ளைக்கு வெவரம் தெரியுற வயசுன்னா ஜட்ஜ் தனியா கூப்பிட்டு அதோட விருப்பத்தையும் கேப்பார்.

எந்தக் கோர்ட்டுங்கிறதுலயும் அலைச்சல் இருக்கு. 1890 சட்டப்படி பிள்ளை வழக்கமா எங்க இருக்கோ அந்த எல்லைக் கோர்ட்டுதான். காரைக்குடி சிவகங்கை மாவட்டம், பக்கத்துலயே இருக்கிற ராயவரம், கோனாபட்டெல்லாம் புதுக்கோட்டை மாவட்டம், இது தெரியாம மாத்திப் போட்டு மனு திரும்பி வந்தா மாசக்கணக்குல போயிடும். அதைவிட மோசம், பிள்ளையை ஒருத்தர் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ கூட்டிட்டுப் போயி ஸ்கூல்ல சேத்துட்டா "பாப்போம், பேசுவோம்"னு இன்னொருத்தர் சும்மா இருக்குறது. நாள் ஆக ஆக பிள்ளை எங்க இருக்கோ அதுதான் அதோட எடம்னு ஆகிடும், அதனால ஒடனே மனு போடுங்க, கூடவே இடைக்கால உத்தரவும் (கேஸ் முடியுற வரைக்குமான உத்தரவு) கேளுங்க. கேஸ் நடக்கும்போது பிள்ளையோட படிப்பு, பராமரிப்புச் செலவுக்குப் போடுற மனுவை நோட்டீஸ் சேந்து 60 நாளுக்குள்ள கூடுமானவரை முடிக்கணும்னு பிரிவு 26லயே இருக்கு. வாய்தா மேல வாய்தா போனா வக்கீல்கிட்ட அந்த 60 நாளை ஞாபகப்படுத்துங்க, கேக்குறது உங்க உரிமை.

வக்கீலுக்குக் காசில்லன்னு நிறையப் பேரு கோர்ட் பக்கமே போறதில்ல. பொம்பளைங்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்ட உதவிச் சட்டம் பிரிவு 12. சட்ட உதவி ஆபீஸ் கவுன்டர்ல "வருமானச் சான்று எங்க"ன்னு கேட்டா பொம்பளைக்கு அது தேவையில்லன்னு சொல்லுங்க, அங்கேயும் மசியலன்னா சட்ட உதவி ஹெல்ப்லைன் 15100க்கு போன் போடுங்க. ஆம்பளைங்களுக்குப் பொதுவா வருமான வரம்பு இருக்கு.

இப்ப முக்கியமான விஷயம், உத்தரவுல என்ன எழுதணும். "பார்த்துக்கொள்ளலாம்"னு எழுதினா எப்ப, எங்க, எவ்வளவு நேரம்னு தெனம் சண்டைதான். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூட்டிட்டுப் போறது, எத்தனை மணிக்குக் கொண்டாந்து விடுறது, யார் வந்து விடுறது, ராத்திரி தங்கலாமா, முழுப்பரீட்சை லீவு யாருக்கு எத்தனை நாள், தீபாவளி இந்த வருஷம் இங்கன்னா பொங்கல் அங்க. நம்ம நகரத்தார் வீட்டுப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்குறது எந்த வீட்டுல, படைப்புக்கு (முன்னோருக்குப் படைக்கிற நாள்) கூட்டிட்டுப் போகலாமா, இதெல்லாம் எழுதுறதுக்குக் கூச்சப்படாதீங்க, சண்டை வர்றதே இந்த நாள்லதான். அப்பத்தா ஐயா பாக்கணும்னா அதையும் சேத்து எழுதுங்க. தகப்பன் சிங்கப்பூர்லயோ மலேசியாவுலயோ இருந்தா வீடியோ கால் எந்த நாள் எத்தனை மணிக்குன்னு எழுதணும், பிள்ளை கூட இல்லாத பெத்தவங்களுக்கு போன், வீடியோ வழியா பேசுற வாய்ப்பு இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட்டே 2020ல யஷிதா சாஹு வழக்குல சொல்லிருக்கு. எடம் எழுதாம விட்டா கோர்ட் வளாகத்துலயே பாக்கச் சொல்லிடலாம், சனிக்கிழமை மரத்தடி பெஞ்சுல பிஸ்கட் பாக்கெட்டை வச்சுக்கிட்டு அப்பாவும் மகளும் என்ன பேசன்னு தெரியாம உக்காந்திருக்கிறதைப் பாத்தா வயிறு எரியும். பிள்ளைக்குப் பழக்கமான எடம் எதுன்னு நீங்களே மனுவுல சொல்லுங்க.

அடுத்து பாஸ்போர்ட், டி.சி. (பள்ளி மாற்றுச் சான்றிதழ்), ரேஷன் கார்டு. தேவகோட்டைப் பக்கம் ஒரு அக்கா, மகனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனா தீர்ப்பைப் படிச்சுட்டு "அப்பாவுக்குப் பாக்குற உரிமை இருக்கே, அவர் சம்மதம் வேணும்"னு திருப்பி அனுப்பிட்டாங்க, அவரோ போனே எடுக்க மாட்டேங்குறார். சாதாரணமா ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுற படிவம் அனெக்ஸர் டி, ஒருத்தர் சம்மதம் கிடைக்காதப்போ அனெக்ஸர் சி, ஆனா தீர்ப்புல என்ன வார்த்தை இருக்குங்கிறதைப் பொறுத்துதான் எல்லாம் நடக்குது. அதனால "பாஸ்போர்ட், பள்ளிச் சேர்க்கை, வங்கிக் கணக்கு, மருத்துவச் சம்மதம் இவற்றுக்கு தாயார் கையெழுத்து மட்டும் போதும்"னு ஒரு பத்தி போட்டு வாங்குங்க. ரேஷன் கார்டுல பிள்ளை பேரு அப்பா கார்டுலயே கெடக்கும், அங்க பேரு நீக்காம இங்க சேக்க முடியாது, அதையும் இத்தனை நாளுக்குள்ள நீக்கித் தரணும்னு எழுதுங்க. டி.சி. தர பழைய ஸ்கூல் இழுத்தடிச்சா, எட்டாவது வரைக்கும் டி.சி. லேட்டுன்னு அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேக்க மறுக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5 இருக்கு, புது ஸ்கூல் எச்எம்கிட்ட அதைச் சொல்லுங்க.

காசு விஷயத்துல ஒரு பெரிய குழி. பரஸ்பர விவாகரத்துல (ரெண்டு பேரும் சம்மதிச்சு வாங்குறது) மொத்தமா ஒரு தொகை குடுத்து "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு தாய்கிட்ட கையெழுத்து வாங்கிடுறாங்க. பிள்ளையோட ஜீவனாம்ச உரிமையை அம்மா எழுதிக் குடுக்க முடியாது, அது பிள்ளையோடது, பின்னாடியும் கேக்கலாம். சம்பளமே இல்லன்னு சொல்றவர் சொத்து, வருமானம், கடன் எல்லாத்தையும் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணணும்னு சுப்ரீம் கோர்ட்டோட 2020 ரஜ்னேஷ் நேஹா தீர்ப்பு இருக்கு, ஜீவனாம்சமும் மனு போட்ட தேதியில இருந்து கணக்கு. குடுக்குற தகப்பன்களுக்கும் சொல்றேன், கையில காசா குடுக்காதீங்க, பேங்க் வழியா போடுங்க, ரசீது இல்லாத காசு கோர்ட்ல குடுக்காத காசுதான். அப்புறம் தயவுசெஞ்சு, காசு வரலன்னு பிள்ளையைக் காட்டாம இருக்குறதும் பிள்ளையைக் காட்டலன்னு காசை நிறுத்துறதும் வேண்டாம், ரெண்டுமே உங்க கேஸைத்தான் கெடுக்கும். உத்தரவை மீறினா அதே கோர்ட்ல நிறைவேற்று மனு (உத்தரவை நடத்திக் குடுக்கச் சொல்லி) போடலாம், பிள்ளையை ஒளிச்சே வச்சுட்டா மதுரை ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு, அதாவது பிள்ளையைக் கோர்ட்ல கொண்டாந்து நிறுத்தச் சொல்ற மனு.

கஸ்டடி உத்தரவு, அதாவது பிள்ளை யார்கிட்ட இருக்கணுங்கிற உத்தரவு, எப்பவும் மாத்தக்கூடியதுதான், பிள்ளை வளந்து நெலம மாறினா திரும்ப மனு போடலாம்னு 1973 ரோஸி ஜேக்கப் வழக்குலயே சொல்லியாச்சு. அதனால "தோத்துட்டோம்"னு வீட்டுல உக்காந்துடாதீங்க. தீர்ப்பு வந்த அன்னைக்கே காப்பி அப்ளிகேஷன் போட்டு, சர்டிபைட் காப்பி ஒண்ணுக்கு ரெண்டா வாங்கி வச்சுக்கோங்க, எந்த ஆபீஸ் கேட்டாலும் ஒரிஜினலைக் குடுத்துட்டு வராதீங்க, ஜெராக்ஸைக் குடுத்து சரிபாக்கச் சொல்லி கையோட வாங்கிட்டு வந்துடுங்க.