இரட்டை நகரப் பெருநகரப் பகுதியில் நிலத்தைத் திட்டமிடுவது யார்? மினசோட்டா சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாப்பொலிஸ், செயின்ட் பால் ஆகிய இரட்டை நகரங்களை உள்ளடக்கிய ஏழு கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகள்) 180-க்கும் மேற்பட்ட உள்ளாட்சிகள் இருக்கின்றன. நகரங்கள் ஒவ்வொன்றுக்கும் தனி மன்றமும் தனி வரியும் உண்டு. இவை அனைத்துக்கும் பொதுவாக, 'மெட்ரோபாலிட்டன் கவுன்சில்' என்ற பெருநகர அமைப்பை மாநிலச் சட்டமன்றம் 1967-ல் உருவாக்கியது. தம் வீட்டருகே அடுக்குமாடிக் குடியிருப்பு வருமா, பக்கத்து விளைநிலம் விளைநிலமாகவே நீடிக்குமா என்று அறிய விரும்புகிறவர், எந்த முடிவு எந்த அமைப்பின் கையில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த அமைப்பு பிறந்ததற்குக் கழிவுநீர் ஒரு முக்கியக் காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் வேகமாகப் பெருகியபோது, பாதாளச் சாக்கடை இல்லாத பல இடங்களில் ஒரே மனைக்குள் செப்டிக் டேங்கும் குடிநீர்க் கிணறும் அமைந்தன. 1950-களின் இறுதிக்குள் ஏராளமான வீட்டுக் கிணறுகளில் கழிவு கலந்திருப்பது தெரியவந்தது. நிலத்தடி நீர் நகராட்சி எல்லைக்குள் நிற்பதில்லை என்பதால், எந்த நகரமும் தனியாக இதைத் தீர்த்திருக்க முடியாது. இன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்பையும் பேருந்து, இலகு ரயில் சேவைகளையும் கவுன்சிலே நடத்துகிறது. சொத்து வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு.

ஆனால் எந்த மனையில் வீடு, எந்த மனையில் கடை என்று நிலப் பயன்பாட்டை வகைப்படுத்துவதும், கட்டட அனுமதி தருவதும் இன்றும் உள்ளாட்சியின் வேலைதான். இரண்டையும் இணைப்பது 1976-ஆம் ஆண்டின் பெருநகர நிலத் திட்டமிடல் சட்டம். இதன்படி ஒவ்வோர் உள்ளாட்சியும் பத்தாண்டுக்கு ஒரு முறையாவது தன் முழுமைத் திட்டத்தை, அதாவது எங்கே எது எவ்வளவு வளரலாம் என்று வகுக்கும் நீண்டகாலத் திட்டத்தை, புதுப்பித்து, கவுன்சிலின் ஆய்வுக்கு அனுப்ப வேண்டும்.

ஆய்வில் கவுன்சில் பல கோணங்களில் கருத்துச் சொல்லலாம். அண்டை நகரத்தின் திட்டத்தோடு முரண்படுகிறதா என்றும் பார்க்கும். ஆயினும் 'மாற்றியே ஆக வேண்டும்' என்று கட்டளையிடும் அதிகாரம், போக்குவரத்து, கழிவுநீர், வட்டாரப் பூங்காக்கள் போன்ற பெருநகரக் கட்டமைப்புத் திட்டங்களை உள்ளூர்த் திட்டம் கணிசமாகப் பாதிக்கும்போதோ, அவற்றிலிருந்து கணிசமாக விலகும்போதோ மட்டுமே பிறக்கிறது. மற்றவை அறிவுரைகளே. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல், தமக்குப் பிடிக்காத ஒவ்வொரு கட்டடத்துக்கும் கவுன்சிலைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. தம் முடிவுக்குக் கவுன்சிலைச் சாக்காகக் காட்டும் நகர மன்றங்களும் உண்டு. இரண்டுமே குடியிருப்பாளரைத் தவறான கதவைத் தட்ட வைக்கின்றன.

செயின்ட் பாலுக்குக் கிழக்கே உள்ள லேக் எல்மோ நகரத்தின் வழக்கு இந்த அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாக்கியது. அந்த நகரம் தன் ஊர்ப்புறத் தன்மையைக் காக்க, குறைந்த அடர்த்தியில் வீடுகளை அனுமதிக்கும் திட்டத்தைத் தந்தது. பெரும் நெடுஞ்சாலைக்கு அருகிலுள்ள இடத்தில் அவ்வளவு குறைந்த வளர்ச்சி, பொதுப் பணத்தில் அமையும் குழாய்களையும் சாலைகளையும் வீணாக்கும் என்று கவுன்சில் மாற்றம் கோரியது. நிர்வாகச் சட்ட நீதிபதியின் விசாரணையைத் தாண்டி மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கில், 2004-ல் கவுன்சிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஒரு நகரம் வளர மறுத்தால் அந்த வளர்ச்சி இன்னும் தொலைவிலுள்ள விளைநிலத்துக்குத் தாவும், அங்கே குழாய் போடும் செலவு எல்லோர் தலையிலும் விழும் என்பதால், அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் தோற்றவர்களின் மனக்குறையைப் புறந்தள்ள முடியாது. தாம் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நகர மன்றத்தின் முடிவை மாற்றச் சொன்ன கவுன்சிலின் 17 உறுப்பினர்களும் ஆளுநரால் நியமிக்கப்படுகிறவர்கள். வரி விதிக்கும் ஓர் அமைப்பில் ஒருவர்கூட மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாதது பெரிய குறை. இதை மாற்றும் கோரிக்கைகள் பல முறை எழுந்தும் நியமன முறையே நீடிக்கிறது.

வரியிலும் தனி நகரத்துக்கும் வட்டாரம் முழுவதற்கும் இடையே இதே இழுபறி உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வணிக, தொழில் சொத்துகளின் வரிக்கு உட்பட்ட மதிப்பில் ஏற்படும் வளர்ச்சியில் 40 சதவீதம் பொதுத் தொகுப்புக்குச் சென்று, வசதி குறைந்த நகரங்களுக்குக் கூடுதலாகப் பகிரப்படுகிறது.

கவுன்சிலின் புதிய வட்டாரத் திட்டம் 2025 பிப்ரவரியில் ஏற்கப்பட்டது. அதற்கேற்ப உள்ளாட்சிகள் தங்கள் திட்டங்களை 2028 இறுதிக்குள் தர வேண்டும். அனுப்புவதற்கு முன் அண்டை உள்ளாட்சிகளுக்கு ஆறு மாத அவகாசம் தரப்படுகிறது; கவுன்சிலின் ஆய்வுக்கு 120 நாள். குடியிருப்பாளர் பேச வேண்டிய இடம், இவற்றுக்கு முன்பே நகரத் திட்டக்குழு வரைவை வைத்து நடத்தும் பொது விசாரணை. திட்டம் நிறைவேறிய பின் நிலப் பயன்பாட்டு விதிகள் அதற்கு முரணாக இருக்கக் கூடாது என்பதால், மனையில் வேலை தொடங்கும்போது ஆட்சேபம் தெரிவிக்கிறவர்களுக்கு, எத்தனை வீடுகள் என்பது பெரும்பாலும் முன்பே முடிவாகிவிட்டது என்ற பதிலே கிடைக்கும்.