மேலே சொல்லியாச்சு, அப்புறம்?

சென்ற மாதம் மறுபடியும் ஒரு விளையாட்டுப் பயிற்சி மையம். பிள்ளையிடம் ஒருவர் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்தது தெரிந்தும் ஏன் போலீசுக்குச் சொல்லவில்லை என்று கேட்டால், மறுபடியும் அதே பதில். "சீனியர் கோச்கிட்ட அப்பவே சொல்லிட்டேன் மேடம். அதுக்கு மேல நான் என்ன பண்றது?" எந்த ஊர், எந்த விளையாட்டு என்று எழுத மாட்டேன், குழந்தையின் அடையாளம் வெளியே வரக்கூடாது. குழந்தைகள் மனநல ஆலோசகராக இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் இந்த முறை ஜோ பட்டெர்னோவைப் பற்றி எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் தலைமைப் பயிற்சியாளர் அவர். 1966 முதல் 2011 வரை அதே நாற்காலி. அங்கே ஃபுட்பால் என்றால் தலைக்கவசம் போட்டு முட்டி மோதும் ஆட்டம். கல்லூரி ஆட்டம்தான், ஆனாலும் அந்த அரங்கில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காருவார்கள். 409 வெற்றிகள், 1982இலும் 1986இலும் தேசியப் பட்டம். வீரர்கள் ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும் என்பதில் பிடிவாதம். பல்கலைக்கழகத்துக்குச் சொந்தப் பணத்தை லட்சக்கணக்கான டாலராகக் கொடுத்தார். நூலகத்தில் அவர் பெயர் இருக்கிறது. போலிச் சாமியார் இல்லை, நிஜமாகவே நல்லது செய்த மனிதர். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது: என் வகுப்புகளில் எல்லோரும் வில்லனைத்தான் தேடுகிறார்கள்.

வில்லன் வேறு ஆள். ஜெர்ரி சாண்டஸ்கி, பட்டெர்னோவின் கீழ் பல ஆண்டுகள் வேலை பார்த்த துணைப் பயிற்சியாளர். வசதியில்லாத பிள்ளைகளுக்காக 1977இல் ஒரு தொண்டு நிறுவனம் தொடங்கினார். தனக்கு வேண்டிய சிறுவர்களை அங்கிருந்துதான் எடுத்தார். பரிசு, ஆட்டத்துக்கு டிக்கெட், வெளியூர்ப் பயணம். எப்படி நெருங்குவார்கள் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 1998இலேயே ஒரு தாய் புகார் கொடுத்தார். விசாரித்தார்கள், வழக்குப் போடவில்லை. 1999இல் சாண்டஸ்கி ஓய்வு பெற்றபோது, ஃபுட்பால் கட்டடத்துக்குள் வந்துபோகும் உரிமையையும் கையில் கொடுத்து அனுப்பினார்கள்.

2001 பிப்ரவரி, ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மைக் மெக்குவெரி என்ற இளம் உதவியாளர் அந்தக் கட்டடத்தின் குளியலறையில் சாண்டஸ்கியை ஒரு சிறுவனோடு பார்க்கிறார். மறுநாள் காலை பட்டெர்னோ வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார். பாலியல் தன்மை உள்ள விஷயம் என்று தனக்குப் புரிந்ததாகப் பட்டெர்னோவே பின்னாளில் கிராண்ட் ஜூரி (வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு) முன் சொன்னார். அது சனிக்கிழமை, மற்றவர்களின் வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாமே என்று நினைத்ததையும் சொன்னார். அப்புறம் விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் தெரிவித்தார். அவ்வளவுதான். மேலே சொல்லியாச்சு.

இனி அந்தச் செய்தி எப்படிப் போனது என்று பாருங்கள். மெக்குவெரி பட்டெர்னோவிடம், பட்டெர்னோ கர்லியிடம், கர்லி துணைத்தலைவர் ஷுல்ட்ஸோடு பல்கலைக்கழகத் தலைவர் ஸ்பேனியரிடம். ஒவ்வொருவரும் தனக்கு மேலே இருந்தவரிடம் சொல்லிவிட்டார்கள். போலீசுக்கோ குழந்தை நலத் துறைக்கோ ஒருவரும் சொல்லவில்லை. அந்தப் பையன் யார், வீடு எங்கே, இப்போது எப்படி இருக்கிறான்? ஒருவரும் தேடவில்லை. படி ஏற ஏற பிள்ளை சிறிதாகி நிறுவனம் பெரிதாகிறது. வெளியே சொல்வதாக இருந்த திட்டத்தையும் மாற்றினார்கள். சாண்டஸ்கியிடமே பேசி, சிறுவர்களை இங்கே அழைத்து வராதே என்று சொல்லி, தொண்டு நிறுவனத்துக்கு மட்டும் தகவல் கொடுத்தார்கள். இதுதான் மனிதாபிமானமான வழி என்று ஸ்பேனியர் மின்னஞ்சலில் எழுதியிருக்கிறார். மனிதாபிமானம் சாண்டஸ்கிக்கு! அதே ஆண்டு அரங்கத்துக்கு வெளியே பட்டெர்னோவுக்குச் சிலை எழுந்தது. சாண்டஸ்கி இன்னும் பல ஆண்டுகள் வேறு பிள்ளைகளைச் சீரழித்தார்.

துப்புரவுப் பணியாளர்களை மட்டும் என்னால் திட்ட முடியவில்லை. 2000இல் அவர்களில் ஒருவர் இதேபோல் ஒன்றைப் பார்த்து நடுங்கிப்போய்ச் சக பணியாளர்களிடம் சொன்னார். வேலை போய்விடும் என்று பயந்து புகார் கொடுக்கவில்லை. பட்டெர்னோவுக்கு அப்படி என்ன பயம்?

2011 நவம்பரில் சாண்டஸ்கி கைதானார். சில நாட்களில் பட்டெர்னோவை நிர்வாகக் குழு தொலைபேசியிலேயே நீக்கியது. மாணவர்கள் கலவரம் செய்து ஒரு டிவி வேனைக் கவிழ்த்தார்கள், பிள்ளைகளுக்காக அல்ல, கோச்சுக்காக. இன்னும் அதிகம் செய்திருக்கலாம் என்று வருந்திய பட்டெர்னோ 2012 ஜனவரியில் புற்றுநோயால் இறந்தார். ஜூனில் சாண்டஸ்கி 45 குற்றங்களில் குற்றவாளி என்று தீர்ப்பு. 30 முதல் 60 ஆண்டு சிறை. ஜூலையில் சிலையை அகற்றினார்கள், கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பு அவருடைய 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து எடுத்தது, 2015இல் திருப்பிக் கொடுத்தது. பட்டெர்னோவும் சேர்ந்து மறைத்தார் என்றது பல்கலைக்கழகம் நியமித்த விசாரணை அறிக்கை, குடும்பம் மறுத்தது. அவர்மீது வழக்கு இல்லை, அன்றைய சட்டப்படி மேலதிகாரியிடம் சொன்னாலே போதும். 409ஆ 298ஆ என்று அங்கே இன்னும் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், வெற்றியெல்லாம் அவருடையதுதான், வைத்துக்கொள்ளட்டும். அந்தச் சனிக்கிழமையும் அவருடையதுதான்.

இதற்குப் பிறகு பென்சில்வேனியா சட்டத்தைத் திருத்தியது: சந்தேகம் வந்த ஆளே நேரடியாக அரசுக்குச் சொல்ல வேண்டும், மேலதிகாரியிடம் சொன்னதோடு முடியாது. நம் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவும் அதைத்தான் 2012இலிருந்து சொல்கிறது. நடந்தது தெரிந்தாலோ, நடக்கலாம் என்று அச்சம் இருந்தாலோ போலீசுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை; நிறுவனப் பொறுப்பாளர் என்றால் ஒரு வருடம் வரை. நல்லெண்ணத்தில் சொன்னவர்மீது நடவடிக்கை எடுக்க முடியாது. ஆதாரம் தேடுவது உங்கள் வேலை இல்லை. குழந்தையைத் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்காதீர்கள், சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டு எச்சரிக்காதீர்கள். குழந்தைகள் உதவி எண் 1098க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள், அப்புறம் நிர்வாகத்துக்குச் சொல்லுங்கள், இந்த வரிசையில்.

பெற்றோரே, "அவர் எத்தனை பேரை ஸ்டேட் டீமுக்கு அனுப்பியிருக்கார் தெரியுமா" என்று என்னிடம் சொல்லாதீர்கள். அது பயிற்சிக்கான தகுதி, பிள்ளையோடு தனி அறையில் இருப்பதற்கான தகுதி இல்லை. வெளியூர்ப் போட்டி என்றால் யார் யாரோடு தங்குகிறார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கோச் கோபித்துக்கொள்வார் என்று தயங்காதீர்கள், தயவுசெய்து.

மைய நிர்வாகிகளுக்கு ஒன்று. "மேடம், போலீஸ் எல்லாம் வேண்டாம், நீங்களே பையன்கிட்ட பேசிப் பாருங்க" என்று எனக்கு போன் செய்யாதீர்கள். 19ஆம் பிரிவு எனக்கும்தான். நீங்கள் போனை வைத்த அடுத்த நிமிடம் நான் சொல்லியாக வேண்டும்.