வில்லங்கச் சான்றில் சாலைக் கோடு தெரியாது

போன சனிக்கிழமை ஒரு தம்பதி என் அலுவலகத்துக்கு வந்தார்கள். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வின்போது கிடைத்த பணம் மொத்தத்தையும் போட்டு, தென்சென்னைப் புறநகரில் பெரிய சாலையைப் பார்த்தபடி ஒரு கிரவுண்டு வாங்கியிருக்கிறார்கள். முகப்பு 30 அடி, நீளம் 80 அடி. கீழே இரண்டு கடை, மேலே வீடு. கடை வாடகையில் மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்கு. பிளான் போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள்.

சர்வே எண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தச் சாலை இப்போது 60 அடி. நகர வளர்ச்சிக்கான மாஸ்டர் பிளானில் 100 அடி. அகலப்படுத்தும் கோடு இவர்கள் மனைக்குள் 20 அடி வருகிறது. 600 சதுர அடி, சரியாகக் கால் கிரவுண்டு. மீதி இடத்தில்தான் கட்டடம். அதிலும் முன்னால் விட வேண்டிய காலியிடத்தைப் புதிய கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். பக்கத்திலும் பின்னாலும் விட வேண்டியதையும் கழித்தால், அவர்கள் நினைத்த இரண்டு கடை வராது. அந்த அம்மா எதுவும் பேசவில்லை. பையிலிருந்து இ.சி.யை, அதாவது வில்லங்கச் சான்றை, எடுத்து மேசையில் வைத்தார். "முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தோம் சார், ஒரு வில்லங்கமும் இல்லை" என்றார் கணவர்.

இந்த வருடத்தில் இது நான்காவது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இ.சி. என்பது பதிவு அலுவலகம் தருவது. அந்த நிலத்தின் மீது என்னென்ன பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்பதைச் சொல்லும். விற்றது, வாங்கியது, அடமானம் வைத்தது, பாகம் பிரித்தது, அவ்வளவுதான். மாஸ்டர் பிளானில் ஒரு சாலையை அகலப்படுத்தக் கோடு போட்டால், அதை யாரும் உங்கள் மனையின் பேரில் பதிவு செய்வதில்லை. பதிவாகாதது இ.சி.யில் வராது. முப்பது வருடம் இல்லை, அறுபது வருடத்துக்குப் போட்டாலும் வராது. பட்டா வருவாய்த் துறை ஆவணம். நிலம் யார் பேரில், எவ்வளவு பரப்பு என்று சொல்லும். எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடம் எல்லையைக் காட்டும், அளந்த காலத்து எல்லையை. வழக்கறிஞர் பத்திரங்களைப் படித்துத் தருகிற கருத்து, 'லீகல்' என்பார்கள், விற்றவருக்கு விற்கும் உரிமை இருந்ததா என்று பார்க்கிறது. இந்த நான்கும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: நிலம் யாருடையது? அதில் எங்கிருந்து கட்டலாம் என்ற கேள்வியை இந்த நான்கில் ஒன்றும் கேட்கவே இல்லை. நான்கு காகிதமும் சுத்தமாக இருந்து, மனையின் கால் பங்கில் ஒரு செங்கல்கூட வைக்க முடியாமல் போகலாம். இதைச் சொன்னால் "அப்போ பட்டா எதுக்கு சார்?" என்று கோபப்படுகிறார்கள். பட்டா வேண்டும்தான். ஆனால் அது போதாது.

அந்தக் கோடு இருப்பது வேறு இடத்தில். சென்னைப் பெருநகரப் பகுதிக்கு இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008-ல் அமலுக்கு வந்தது. 2026 வரைக்கான திட்டம் அது. அதில் நில உபயோகம் மட்டும் இல்லை, எந்தச் சாலை எவ்வளவு அகலத்துக்கு வர வேண்டும் என்பதும் இருக்கிறது. திட்ட அனுமதி கேட்டுப் போகும்போது கோட்டுக்குள் வரும் பகுதியை விட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும். பல நேரங்களில் அதைத் தானப் பத்திரமாக எழுதியும் தர வேண்டும்.

"இருபது வருஷமா சொல்றாங்க, எங்கே அகலப்படுத்தினாங்க?" என்று அடுத்த கேள்வி வரும். கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பாருங்கள். திருவான்மியூரிலிருந்து அக்கரை வரை ஆறு வழியாக்க நிலம் எடுக்கும் வேலை வருடக்கணக்கில் இழுத்தது. அதனால் கோடு செத்துவிடவில்லை. நடுவில் அங்கே கட்ட வந்தவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டை மதித்துத்தான் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

கோட்டை மதிக்காமல் கட்டினால் என்ன ஆகிறது என்பதைப் புறநகரின் எந்தப் பெரிய சாலையிலும் பார்க்கலாம். அனுமதி வாங்கியவர் உள்ளே தள்ளிக் கட்டியிருப்பார். பக்கத்தில் அனுமதியே வாங்காதவர் சாலை விளிம்பில் நிற்பார். இன்னொருவர், தான் விட்ட இடத்திலேயே ஷீட் போட்டு டீக்கடைக்கு வாடகைக்கு விட்டிருப்பார். சாலை, பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும். மழைநீர் வடிகாலை நேராகக் கொண்டுபோக முடியாமல் வளைத்து வளைத்துக் கட்டுவார்கள். ஒவ்வொரு வளைவிலும் குப்பை அடைக்கும். நடைபாதை நாற்பது அடிக்கு ஒரு தடவை அறுந்துபோகும். மின்வாரியப் பில்லர் பாக்ஸ் நடுவழியில் நிற்கும். நடந்து போகிறவர் சாலையில் இறங்கித்தான் ஆக வேண்டும். நீங்கள் விட்டுக் கொடுத்த இடத்தில் வண்டி நிறுத்துவதும் இதே வேலைதான். தயவுசெய்து செய்யாதீர்கள்.

பெரிய சாலை மட்டும் அகலமானால் போதும் என்பதும் தப்பு. பழைய மகாபலிபுரம் சாலையை மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை, ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஆறு வழியாக்கினார்கள். ஐ.டி. நிறுவனங்கள் வந்தன. அடுக்குமாடிகள் வந்தன. ஆனால் பெருங்குடியிலும் துரைப்பாக்கத்திலும் காரப்பாக்கத்திலும் உள்ளே இருப்பவை பெரும்பாலும் பழைய கிராமத்துத் தெருக்கள். அடுத்த நகருக்குப் போகக்கூட மெயின் ரோட்டுக்கு வந்து, யூ-டர்ன் போட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே ஒன்றோடொன்று இணைகிற தெருக்களுக்கு இடம் விட்டிருந்தால் அந்த வண்டிகளில் பாதி மெயின் ரோட்டுக்கே வந்திருக்காது என்று நான் நம்புகிறேன். அந்த இணைப்புத் தெருவும் யாரோ ஒருவருடைய மனை வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கேதான் எல்லாம் நிற்கிறது.

சாலை அகலத்தில் உங்களுக்கும் லாபம் உண்டு, அதையும் சொல்கிறேன். 2019-ல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி, எவ்வளவு கட்டலாம் என்பதே எதிரில் இருக்கும் சாலையைப் பொறுத்தது. மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்பதுதான் எஃப்.எஸ்.ஐ. அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. அகலமான சாலையில் அதிகம் கிடைக்கும். உயர்மாடிக் கட்டடத்துக்கு முழு எஃப்.எஸ்.ஐ. வேண்டுமென்றால் 18 மீட்டர் சாலை வேண்டும். எல்லாரும் இரண்டு அடியைப் பிடித்துக்கொண்டு நின்றால், அந்தத் தெரு முழுவதுமே சின்னத் தெருவாகத்தான் கணக்கில் இருக்கும். விட்டுக் கொடுக்கும் நிலத்துக்குப் பதிலாக வளர்ச்சி உரிமை, அதாவது கூடுதலாகக் கட்டும் உரிமை, பெறுகிற வழியும் விதிகளில் இருக்கிறது. உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள், அவராகச் சொல்லாவிட்டாலும் கேளுங்கள்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சி.எம்.டி.ஏ.வில் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) நில உபயோகத்தையும் சாலைக் கோட்டையும் கேளுங்கள். பெருநகர எல்லைக்கு வெளியே என்றால் நகர் ஊரமைப்பு அலுவலகம். சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது என்றால் அங்கேயும் கேட்க வேண்டும், அவர்களிடம் தனியாக அகலப்படுத்தும் திட்டம் இருக்கலாம். தாரின் நடுவிலிருந்து டேப் பிடித்து நீங்களே கணக்குப் போடாதீர்கள். தார் நடுவும் சாலையின் நடுவும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. எதிரில் ஏரியோ ரயில்வே நிலமோ இருந்தால் அகலம் முழுவதும் உங்கள் பக்கமே வரலாம். புரோக்கர் "கவர்ன்மென்ட் எடுத்தா நஷ்ட ஈடு கோடிக்கணக்கில் வரும்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

நஷ்ட ஈடு என்றதும் இன்னொன்று. பதிவுச் செலவைக் குறைக்க, கொடுத்த விலையில் பாதியைப் பத்திரத்தில் காட்டுகிறீர்கள். நிலம் எடுக்கும்போது மதிப்புப் போடுவது அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்தில் பதிவான பத்திரங்களையும் வைத்துத்தான். உங்கள் தெருவே சேர்ந்து குறைத்துக் காட்டினால், தெருவுக்கே குறைவாகத்தான் வரும். அப்போது அழுது பயன் இல்லை.

ஏற்கெனவே மனை இருப்பவர்கள், தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன் கீழ் 15(2) நோட்டீஸ் வந்தால் அதைப் பீரோவில் வைக்காதீர்கள். உங்கள் ஆட்சேபத்தைச் சொல்ல அழைக்கிற நோட்டீஸ் அது. கெடு இருக்கும். அதற்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். அளவு தப்பாக இருந்தால் அப்போதே சொல்லுங்கள். அடுத்து 15(1) அறிவிக்கை அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசுக்குப் போய்விடும். அப்புறம் பேச்சு தொகையைப் பற்றி மட்டும்தான்.

அந்த ஆசிரியருக்குப் புது வரைபடம் போட்டிருக்கிறேன். கீழே ஒரே கடை, படிக்கட்டு பின்பக்கம், முன்னால் 20 அடிக்கு எந்தக் கட்டுமானமும் இல்லை. குடிநீர்த் தொட்டியும் கழிவுநீர்த் தொட்டியும்கூட அந்த 20 அடிக்குள் வராமல் உள்ளே தள்ளிவிட்டேன். நாளை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.